தொன்னர் நகரத்தின் ஜேர்மன் நகரபிதா

டென்மார்க்கின் தென்மேற்கு மூலையில், ஜேர்மன் எல்லையில் இருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் ஒரு சிறு நகரம் இருக்கிறது. பெயரில் உள்ள எழுத்துகளை அப்படியே தமிழில் எழுதினால் 'தொண்டர்' என்றுதான் வரும். டெனிஷ்காரரின் வாயில் வழக்கம்போல ஓர் எழுத்து காணாமல் போய் அது 'தொன்னர்' ஆகிவிடுகிறது. 2021 நவம்பர் உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பிறகு அந்த நகரசபையின் தலைவராகத் தெரிவானவர் யோர்கன் பொப் பீற்றர்சன். தொழில் விவசாயம். கட்சி, டென்மார்க்கில் வாழும் ஜேர்மன் சிறுபான்மையினரின் சிலேஸ்விக் கட்சி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த நாட்டில் ஜேர்மன் சிறுபான்மைக் கட்சியைச் சேர்ந்த ஒருவர் நகரபிதா ஆனது அதுவே முதல் தடவை. 2022 ஜனவரி முதலாம் திகதி அவர் பதவியேற்றார்.

இந்தச் செய்தியை எனக்குத் தொலைபேசியில் சொன்னவர் தொன்னரில் வசிக்கும் ஒரு நண்பர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வடமராட்சிக்காரர். "தம்பி, எங்கட ஊருக்கு ஜேர்மன்காரன் மேயராய் வந்திட்டான், தெரியுமோ?" என்றார். குரலில் ஏதோ தானே வென்றுவிட்டது போன்ற உற்சாகம். நான் அவ்வளவு உற்சாகப்படவில்லை. வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் மாறிமாறிப் பதவிக்கு வருவதில் எங்களுக்கு என்ன என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு அந்த நகரத்தின் பழைய கதையைத் தேடிப் படிக்கப் படிக்க அபிப்பிராயம் மாறியது.

முதலில் 1920. முதலாம் உலகப் போரில் ஜேர்மனி தோற்றதும், 1864இல் டென்மார்க் இழந்திருந்த சிலேஸ்விக் பிரதேசத்தில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. வடக்கு வலயத்தில் அந்த ஆண்டு பெப்ரவரி 10ஆம் திகதி வாக்களிப்பு. முழு வலயமும் ஒரே தொகுதியாகக் கணக்கிடப்பட்டது. ஏறத்தாழ 75 வீதம் பேர் டென்மார்க்கைத் தெரிவு செய்தார்கள். ஆனால் தொன்னர் நகரத்துக்குள் மட்டும் பார்த்தால் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானவர்கள் ஜேர்மனிக்கே வாக்களித்திருந்தார்கள். சுற்றியிருந்த கிராமங்களின் கணக்கில் நகரத்தின் கணக்கு அமிழ்ந்துபோயிற்று. அன்று வரை பெரும்பான்மையாக இருந்தவர்கள் எங்கும் போகாமல், வீட்டை மாற்றாமல், சிறுபான்மை ஆனார்கள். எல்லைக்குத் தெற்கே பிளென்ஸ்பேர்க் பக்கம் இதே விதத்தில் ஒரு டெனிஷ் சிறுபான்மை தங்கிவிட்டது. இந்த இரண்டாவது விஷயத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். கதையின் சாவி அதில்தான் இருக்கிறது.

அந்த மண்ணில் யார் ஜேர்மன், யார் டெனிஷ் என்று கேட்பதே சிக்கலான விஷயம். ஓவியர் எமில் நோல்டே பிறந்தது தொன்னருக்குப் பக்கத்துக் கிராமத்தில். கிராமத்தின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். ஜேர்மன் ஓவியர் என்றுதான் உலகம் அவரை அறியும். 1920க்குப் பிறகு சாகும் வரை அவர் டெனிஷ் பிரஜை. நாஜிக் கட்சியிலும் சேர்ந்தார், நாஜிகளால் தடை செய்யவும் பட்டார். ஒரே மனிதருக்குள் இத்தனை.

நாஜிக் காலத்தை மூடி மறைத்துவிட்டு இந்தச் சிறுபான்மையைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. முப்பதுகளில் அவர்களின் அரசியல் பெரும்பாலும் கால்நடை வைத்தியர் யென்ஸ் மொல்லரின் தலைமையில் நாஜி அரசியலாகவே மாறிவிட்டது. 1939இல் மொல்லர் கொப்பன்கேகன் பாராளுமன்றத்துக்கும் போனார். எல்லையை மீண்டும் வடக்கே தள்ளுவதுதான் அவர்களுடைய கனவு. 1940 ஏப்ரலில் ஜேர்மன் படை டென்மார்க்கை ஆக்கிரமித்தபோது பலர் கைதட்டி வரவேற்றார்கள். இரண்டாயிரம் பேருக்கு மேல் ஜேர்மன் படைகளில் சேர்ந்தார்கள். 1945 மேயில் டென்மார்க் விடுதலையானதும் கணக்குத் தீர்க்கப்பட்டது. ஏறக்குறைய 3,500 பேர் பிடித்து அடைக்கப்பட்டார்கள். அடைக்கப்பட்ட இடம், அதுவரை டெனிஷ் எதிர்ப்பு இயக்கத்தவரை ஜேர்மன்காரர் சிறை வைத்திருந்த அதே ப்ரோஸ்லேவ் முகாம். பெயரை மட்டும் போர்ஹூஸ் என்று மாற்றினார்கள். ஜேர்மன் பள்ளிகள் மூடப்பட்டன, கட்டடங்கள் பறிமுதலாயின.

அந்த 1945ஆம் ஆண்டு நவம்பரில், நாஜிகளோடு சேராத ஒரு சிறு வட்டத்தினர் முன்னின்று புதிய அமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். டெனிஷ் அரசுக்கும் மன்னருக்கும் விசுவாசம், 1920இன் எல்லைக்கு அங்கீகாரம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். பிரிவினையைக் கைவிடும் பிரகடனம். இதைப் படிக்கும் இலங்கைத் தமிழர் எவருக்கும் உடனே நினைவுக்கு வருவது 1983 ஆகஸ்டில் வந்த ஆறாவது திருத்தச் சட்டம். அங்கேயும் பிரிவினையைக் கைவிடுவதாகச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். வித்தியாசம் என்ன? இங்கே தோற்றுப்போன சிறுபான்மை தானாக எழுதிக் கொடுத்தது. அங்கே ஜூலைக் கலவரத்தில் எரிந்த வீடுகளின் புகை அடங்குவதற்கு முன்னரே, அடி வாங்கியவனிடம் அரசு எழுதி வாங்க வந்தது. கூட்டணி உறுப்பினர்கள் மறுத்தார்கள், ஆசனங்களை இழந்தார்கள். 1977இல் 18 ஆசனங்களுடன் எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்த அமிர்தலிங்கம் ஆறே ஆண்டுகளில் பாராளுமன்றத்துக்கு வெளியே நின்றார். அதன் பிறகு அரசியலைப் பேசியவர்கள் யார், எதனால் பேசினார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

விசுவாசப் பிரகடனத்துக்குப் பத்து ஆண்டுகள் பொறுத்துத்தான் பதில் கிடைத்தது. கிடைத்த விதம் சுவாரசியமானது. 1953இல் ஜேர்மன் சிறுபான்மையினர் பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் ஒரு பாராளுமன்ற ஆசனத்தைப் பெற்றார்கள். ஹன்ஸ் ஸ்மிட் என்பவர் கொப்பன்கேகன் போனார். மறு ஆண்டு எல்லைக்குத் தெற்கே, சிலேஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத் தேர்தலில் டெனிஷ் சிறுபான்மைக் கட்சி 42,000க்கும் அதிகமான வாக்குகள் வாங்கியும் ஓர் ஆசனம்கூட இல்லை. ஐந்து வீத வெட்டுப்புள்ளி தடுத்துவிட்டது. டென்மார்க்கில் ஆத்திரம். அதே நேரத்தில் மேற்கு ஜேர்மனி நேட்டோவில் சேரக் காத்துக்கொண்டிருந்தது. டென்மார்க் ஏற்கனவே உள்ளே இருந்தது. வெளிவிவகார அமைச்சராக இருந்த எச். சி. ஹன்சன் 1954 அக்டோபரில் பாரிசில் நடந்த நேட்டோ கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தார். அடனவருக்கு விஷயம் விளங்கியது. 1955 மார்ச் 29ஆம் திகதி, இரண்டு அரசாங்கங்களும் பொன் நகரில் தனித்தனியே ஒவ்வொரு பிரகடனம் வெளியிட்டன. ஒப்பந்தம்கூட இல்லை, அவரவர் தம் நாட்டுச் சிறுபான்மைக்குக் கொடுத்த வாக்குறுதி. டெனிஷ் கட்சிக்கு ஐந்து வீதத் தடை நீங்கியது. ஜேர்மன் பள்ளிகளுக்குப் பரீட்சை நடத்தும் உரிமை கிடைத்தது.

அந்தப் பிரகடனங்களில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. ஒருவர் தன்னை எந்த இனத்தவர், எந்தப் பண்பாட்டுக்காரர் என்று சொல்லிக்கொள்கிறாரோ அதை அரசு கேள்வி கேட்கவும் கூடாது, சோதித்துப் பார்க்கவும் கூடாது. பதிவேடு கிடையாது, அடையாள அட்டையில் இனம் கிடையாது. சோதனைச் சாவடியில் நின்று பெயரிலும் பேச்சிலும் இனத்தைக் கண்டுபிடிக்கும் கண்களின் முன்னால் வளர்ந்த எங்களுக்கு இது ஒரு கதை மாதிரி இருக்கிறது.

இந்தப் பிரகடனம் 1955. எங்கள் நாட்டில் தனிச் சிங்களச் சட்டம் 1956 ஜூன். பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் 1957இல் கையெழுத்திட்டார்கள். 1958 ஏப்ரலில் அது கிழிந்தது. இங்கே 1964இல் ஜேர்மன் சிறுபான்மை பாராளுமன்ற ஆசனத்தை இழந்தபோது, "போனால் போகட்டும்" என்று விடாமல், 1965இல் அரசும் பாராளுமன்றக் கட்சிகளும் அவர்களும் சேர்ந்து உட்காரும் தொடர்புக் குழு ஒன்றை அமைத்தார்கள். அதே 1965இல் டட்லி - செல்வா ஒப்பந்தம். அதுவும் நடைமுறைக்கு வரவில்லை. ஒரே ஆண்டுகளில் இரண்டு நாடுகள் எதிர்த்திசையில் நடந்திருக்கின்றன.

டெனிஷ்காரரின் நல்ல மனம் என்று இதற்குக் காரணம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் நம்பவில்லை. எல்லையின் இரண்டு பக்கமும் மற்றவனுடைய ஆட்கள் இருந்தார்கள். நீ என் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறந்தால் நான் உன் பிள்ளைக்குத் திறப்பேன். கூடவே நேட்டோ என்ற தேவை. எங்களுக்கு அந்தச் சமநிலை இருக்கவில்லை. பாக்கு நீரிணைக்கு அப்பால் நமக்கு மொழியில் உறவு இருந்தது. ஆனால் அங்கே சிங்களச் சிறுபான்மை ஒன்று கொழும்பின் உதவியை எதிர்பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1987இல் இந்தியா செய்த ஒப்பந்தம் இரண்டு அரசுகளுக்கு இடையிலானது. அதன் கதை நம் எல்லோருக்கும் தெரியும்.

இனிப் பொப் பீற்றர்சனின் விஷயத்துக்கு வருவோம். ஜேர்மன் சிறுபான்மை மொத்தம் சுமார் 15,000 பேர் என்பார்கள். அவர்கள் தொன்னர், ஓபன்றோ, சொனர்போர்க், ஹாதர்ஸ்லேவ் என்று நான்கு கொமூன்களில் பரந்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் எந்த நகரசபையையும் பிடிக்க முடியாது. 2007இல் நாடு முழுவதும் 271 கொமூன்களை 98 ஆகச் சுருக்கினார்கள். பழைய தொன்னரோடு ஹொயர், லோகும்குளோஸ்டர் முதலிய ஐந்து கொமூன்கள் இணைக்கப்பட்டன. சிறு சபைகளில் இருந்த சிறுபான்மையின் செல்வாக்கு பெரிய சபையில் கரைந்துபோகும் என்று பயந்தார்கள். அதனால் ஆசனத்துக்குப் போதிய வாக்கு இல்லாவிட்டாலும், வாக்குரிமை இல்லாத ஒரு பிரதிநிதியை வைத்துக்கொள்ள விசேஷ ஏற்பாடு சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

கரையவில்லை. அந்தப் பெரிய தொகுதிதான் கட்சியை மாற்றியது. ஜேர்மன் வீடுகளை மட்டும் தட்டினால் போதாது என்று ஆனபோது அவர்கள் தங்களை ஒரு பிரதேசக் கட்சியாக முன்வைத்தார்கள். தொன்னரில் 2007இல் சுமார் 40,000 பேர். 2021இல் சுமார் 37,000. இளையவர்கள் படிக்கப் போனால் திரும்புவதில்லை. கொப்பன்கேகன் நாட்டின் மறு அந்தத்தில் இருக்கிறது. இந்தக் கவலைகளில் ஜேர்மன், டெனிஷ் என்ற பேதம் இல்லை. பெரிய கட்சிகள் தலைநகரத்தைப் பார்த்துக் கேட்டுத்தான் வாய் திறக்கும். சிலேஸ்விக் கட்சிக்குத் தலைநகரத்தில் மேலிடம் என்று ஒன்று இல்லை. டென்மார்க் முழுக்க ஆசனம் இல்லாத பலவீனமே இங்கே பலமாயிற்று. சொனர்போர்க்கில் இதே கட்சியின் ஸ்டீபன் கிளைன்ஸ்மிட் இப்படித்தான் வளர்ந்தார்; 2020இல் எல்லையைத் தாண்டிப் பிளென்ஸ்பேர்க் நகர நிர்வாகத்தில் ஒரு துறையின் பொறுப்பாளராகப் போய்விட்டார்.

தொன்னரில் அப்போது இன்னொரு வாய்ப்பும் அமைந்தது. பதவியில் இருந்த நகரபிதா ஹென்றிக் ப்ரான்சன் தேர்தலுக்கு முன்பே வென்ஸ்த்ர கட்சியை விட்டு விலகித் தனிப் பட்டியல் அமைத்தார். (வென்ஸ்த்ர என்றால் 'இடது' என்று பொருள். கட்சி வலதுசாரி. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இது என்னை நிறையக் குழப்பியது.) இங்கே நகரபிதாவை மக்கள் நேரே தெரிவதில்லை. தேர்தல் இரவில் கட்சிகள் கூடிப் பேரம் பேசித் தீர்மானிக்கின்றன. முதலாளித்துவக் கட்சிகளின் வாக்கு உடைந்து கிடந்த வேளையில், எல்லோரோடும் பேசக்கூடிய ஒருவர் தேவைப்பட்டார். பொப் பீற்றர்சனுக்குத் தனிப் பெரும்பான்மை இருக்கவில்லை. ஏனைய கட்சிகளின் டெனிஷ் உறுப்பினர்கள் கையுயர்த்தித்தான் அவர் தலைவரானார். 1945இல் முகாமில் அடைக்கப்பட்டவர்களின் கட்சிக்கு, அடைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் கையுயர்த்தினார்கள்.

இதற்கு இரண்டு மாதம் முன்பு, 2021 செப்டெம்பரில், டெனிஷ் சிறுபான்மைக் கட்சியின் ஸ்டீபன் சைட்லர் பெர்லின் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகியிருந்தார். 1953க்குப் பிறகு அந்தக் கட்சிக்குக் கிடைத்த முதல் கூட்டாட்சி ஆசனம் அது. 1955இல் ஏற்பட்ட ஏற்பாடுகளுக்கு ஒரே இலையுதிர்காலத்தில் எல்லையின் இரண்டு பக்கமும் பலன் தெரிந்தது.

எல்லாம் சுகம் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. 2015இல் ஹாதர்ஸ்லேவ் நகரபிதா ஊர் எல்லையில் டெனிஷிலும் ஜேர்மனிலும் பெயர்ப்பலகை ஒன்று நட்டார். அதைச் சில நாட்கள்கூட விட்டுவைக்கவில்லை, பிடுங்கி எறிந்தார்கள். நகரபிதா திரும்ப நடவில்லை. எல்லைக்குத் தெற்கே பிளென்ஸ்பேர்க்கில் இரு மொழிப் பலகை நிற்கிறது. பதவியைக் கொடுக்கும் அதே மக்களுக்குப் பலகை உறுத்துகிறது. யாழ்ப்பாணத்தில் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசிய தலைமுறையைப் பார்த்தவன் என்ற முறையில் இது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

என் சொந்தக் குறை வேறு. நான் 1985 கடைசியில் கிழக்கு பேர்லின் வழியாக வந்து, பட்போர்க்கில் ரயிலில் எல்லை கடந்தவன். 1989 நவம்பரில், பிரஜாவுரிமை இல்லாமலேயே, மூன்று ஆண்டு வசித்த வெளிநாட்டவன் என்ற தகுதியில் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களித்தேன். இலங்கையில் நான் ஒருமுறையும் வாக்களித்ததில்லை. என் வாழ்நாளின் முதல் வாக்கு டெனிஷ் பெட்டிக்குள்தான் விழுந்தது. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. அதே நாடு 2002இல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்க வேண்டும் என்ற கொமூன்களின் கடமையை நீக்கியது. என் இளைய மகள் பள்ளியில் படித்துவந்த தமிழ் வகுப்பு அந்த ஆண்டோடு நின்றது. பிறகு பெற்றோர் நாங்கள் காசு சேர்த்து ஓர் அறை எடுத்துச் சனிக்கிழமைகளில் நடத்தினோம். எங்கள் தெருவில் ஒரு ஜேர்மன் குடும்பம் இருந்தது. அவர்களுடைய பையன் காலையில் அரசாங்க உதவியுடன் நடக்கும் ஜேர்மன் பள்ளிக்குப் போவான். என் மகளுக்கும் அவனுக்கும் ஒரே வயது.

"அவையள் தேசியச் சிறுபான்மை, நாங்கள் குடியேறிகள்" என்று மகள் வளர்ந்து பல்கலைக்கழகம் போனபின் எனக்கு விளக்கினாள். சிறுபான்மைகளைப் பாதுகாக்கும் ஐரோப்பிய உடன்படிக்கையை 1997இல் டென்மார்க் ஏற்றபோது, அது தென் யூட்லாந்தின் ஜேர்மன் சிறுபான்மைக்கே பொருந்தும் என்று அறிவித்ததாம். சட்டத்தின்படி சரிதான். அவர்கள்மேல் எல்லை நகர்ந்தது. நாங்கள் எல்லையைக் கடந்து வந்தோம். நான் மறுக்கவில்லை. ஆனால் வாயில் இருக்கும் மொழிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தொன்னரின் வெற்றியை உலகத்துக்கு முன்மாதிரி என்று காட்டும் டெனிஷ் அரசியல்வாதிகள் இந்தப் பக்கத்தைப் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் இனத்துக்காக இவர்களுடைய பிரகடனங்களை உதாரணம் காட்டும் நமது ஆட்களும், இதை வைத்து இங்கே நமக்கு எதுவும் கேட்க முடியாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோடையில் அந்த வடமராட்சி நண்பரைப் பார்க்கத் தொன்னருக்குப் போயிருந்தேன். நகரசபைக் கட்டடத்தின் முன்னால் நடந்தோம். "அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ, நீங்களும் அந்த ஆளுக்குத்தான் போட்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம். எங்கட ஆஸ்பத்திரி, பஸ், பள்ளிக்கூடம் எண்டு ஊர்க் கதை கதைக்கிற மனுசன். ஜேர்மனோ டெனிஷோ எண்டு நான் பார்க்கேல்லை."

சிறிது தூரம் பேசாமல் வந்தார். பிறகு, "எழுபத்தேழிலை சூரியனுக்குப் போட்டனான்" என்றார். "அதுக்குப் பிறகு சிறுபான்மைக் கட்சி ஒண்டுக்குப் போட்டது இதுதான்."